எழுந்து போனவர்

அன்புள்ள சார்,

நண்பர்கள் ஏழு பேர் மாதம் ஒரு பழைய படம் என்று ஓராண்டாகச் சேர்ந்து பார்த்து வருகிறோம். போன ஞாயிற்றுக்கிழமை இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கின் ‘எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்’. கதாநாயகன் அலெக்ஸும் அவன் கூட்டாளிகளுமாக நான்கு பேர் ஓர் எழுத்தாளர் வீட்டுக்குள் புகுந்து அவர் மனைவியைச் சீரழிக்கும் காட்சியில், எங்களோடு இருந்த தோழி ஒருவர் எழுந்து போய்விட்டார். திரும்பி வரவில்லை.

படம் முடிந்ததும் பெரிய வாக்குவாதம். இப்போது வரும் படங்களோடு ஒப்பிட்டால் இதில் ரத்தமே இல்லை என்றார் ஒருவர். பிரிட்டனில் இருபத்தேழு வருஷம் தடை செய்து வைத்திருந்தார்களே, சும்மாவா என்றார் இன்னொருவர். பாதியில் எழுந்து போனவருக்குப் படத்தைப் பற்றிப் பேச உரிமை இல்லை என்பதில் மட்டும் பெரும்பாலோர் ஒத்துப்போனார்கள். எனக்கு அது உறுத்தியது. ஆனால் பதில் சொல்லத் தெரியவில்லை.

என் பிரச்சினை வேறு. முதல் அரை மணி நேரத்தை நான் ரசித்துப் பார்த்தேன். பின்பாதியில் அலெக்ஸுக்காக மனம் கலங்கினேன். மறுநாள் காலை பல் தேய்க்கும்போது ‘சிங்கிங் இன் த ரெய்ன்’ பாட்டு என்னையறியாமல் வாயில் வந்தது. எங்கே கேட்டோம் என்று நினைவு வந்ததும் நிறுத்திவிட்டேன். என்னிடம் ஏதாவது கோளாறா? இது மகத்தான படமா, மோசமான படமா?

எஸ்.,
கோவை

அன்புள்ள எஸ்.,

உங்களிடம் ஒரு கோளாறும் இல்லை. ரசிக்கும்படிதான் அதை எடுத்திருக்கிறார்கள்.

அந்தப் பாட்டு வந்த கதையைச் சொல்கிறேன். திரைக்கதையில் அது கிடையாது. வீட்டுக்குள் புகும் காட்சி சரியாக அமையாமல் நாட்கள் போய்க்கொண்டிருந்தன. உனக்கு ஆட வருமா என்று குப்ரிக் கேட்க, அலெக்ஸாக நடித்த மால்கம் மெக்டவல் வாயில் வந்த பாட்டைப் பாடிக்கொண்டே தாளத்துக்கு ஏற்ப அடித்தும் உதைத்தும் காட்டினார். குப்ரிக் உடனே பாட்டின் உரிமையை வாங்கிவிட்டார். 1952இல் அதே பெயருள்ள படத்தில் ஹாலிவுட் நடிகர் ஜீன் கெல்லி, காதல் கைகூடிய பூரிப்பில், கொட்டும் மழையில் குடையை மடக்கிக்கொண்டு ஆடிய பாட்டு அது. காதுக்கு அது சந்தோஷம் என்றுதான் பழக்கம். கண்ணெதிரே நடப்பது என்ன என்று புத்திக்கு எட்டுவதற்குள் கால் தாளம் போட்டுவிடும். உங்களுக்கு நடந்தது அதுதான். பாதியில் நிறுத்தினீர்கள் அல்லவா, அதுவும் நீங்கள்தான்.

படம் பார்க்காதவர்களுக்காக இரண்டு வரி. வரப்போகும் ஒரு காலத்து இங்கிலாந்து. அலெக்ஸ் என்ற இளைஞன் கூட்டாளிகளோடு அடிதடி, கொள்ளை, பலாத்காரம் என்று திரிகிறான். கொலைக்குற்றத்தில் சிறைக்குப் போகிறான். அங்கே அரசாங்கம் ஒரு புதுச் சிகிச்சையைச் சோதித்துப் பார்க்கிறது. மருந்தை ஏற்றிவிட்டு, கண்ணை மூட விடாமல் வன்முறைப் படங்களாகக் காட்டுகிறார்கள். அதற்குப் பிறகு வன்முறையை நினைத்தாலே அவனுக்குக் குமட்டும். நல்லவனாகிவிட்டான் என்று வெளியே விடுகிறார்கள்.

தடை விஷயத்தை முதலில் சரிசெய்துவிடலாம். பிரிட்டனின் தணிக்கை வாரியம் இந்தப் படத்தில் ஒரு காட்சியைக்கூட வெட்டவில்லை. பெரியவர்களுக்கு மட்டும் என்று சான்றிதழ் கொடுத்து அப்படியே விட்டது. 1972 தொடக்கத்தில் அங்கே வெளியாகி நன்றாகவே ஓடியது. பிறகு சில குற்றங்களைப் பத்திரிகைகள் படத்தோடு சேர்த்து எழுதத் தொடங்கின. குப்ரிக் குடும்பத்துக்குக் கொலை மிரட்டல்கள் வந்ததாக அவர் மனைவி பின்னாளில் சொன்னார். கடைசியில் குப்ரிக்கே கேட்டுக்கொண்டு பிரிட்டனில் மட்டும் படத்தைத் திரும்பப் பெற வைத்தார். 1999இல் அவர் இறந்த பிறகு, 2000இல்தான் அங்கே மறுபடி திரைக்கு வந்தது. அதாவது அதைப் பூட்டி வைத்தது எந்த அரசாங்கமும் இல்லை, எடுத்தவரே.

இதில் ஒரு விஷயம் என்னை வெகுநாள் யோசிக்க வைத்தது. படம் பார்த்து யாரும் குற்றவாளி ஆவதில்லை, ஆழ்ந்த மனவசியத்தில்கூட ஒருவனை அவன் இயல்புக்கு மாறானதைச் செய்ய வைக்க முடியாது என்பது குப்ரிக்கின் வாதம். ஆனால் அவர் எடுத்த கதையோ, படம் காட்டியே ஒருவனை அவன் இயல்புக்கு மாறாக ஆக்கிவிடும் கதை! இந்த முரண்பாட்டை நான் குறையாகச் சொல்லவில்லை. அவரே அதில் முழு நிம்மதியோடு இருந்திருக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, மகத்தானதா மோசமானதா என்ற கேள்விக்கு வருகிறேன்.

நான் முதல்முறை இதைப் பார்த்தது தொண்ணூறுகளில், ஒரு விடுதி அறையில், தேய்ந்துபோன வீடியோ கேசட்டில். அப்புறம் பல மாதம் அலெக்ஸின் வசனங்களை அவன் குரலிலேயே பேசிக்கொண்டு திரிந்தோம். பத்து வருஷம் கழித்து ஒரு நாள் அந்த எழுத்தாளரின் மனைவியை நினைவுக்குக் கொண்டுவர முயன்றேன். சிவப்பு உடை நினைவிருந்தது. கத்தரிக்கோல் நினைவிருந்தது. முகம் மட்டும் வரவில்லை. அலெக்ஸின் முகத்தில் ஒவ்வொரு இமை முடியும் எனக்குத் தெரியும். அந்தப் பெண்ணின் முகம் தெரியாது. அன்றைக்குத்தான் இந்தப் படத்தின் மேல் எனக்கு முதல் சந்தேகம் வந்தது.

மறுபடி பார்த்தேன். ஆந்தனி பர்ஜெஸ் 1962இல் எழுதிய மூல நாவலையும் தேடிப் படித்தேன். நாவலின் தொடக்கத்தில் அந்தக் கும்பலிடம் அடிவாங்குபவர், நூலகத்திலிருந்து புத்தகங்களோடு வீடு திரும்பும் ஒரு வயசானவர். அந்தப் புத்தகங்களைக் கிழித்தெறிகிறார்கள். படத்தில் அவர் இல்லை, பாலத்தடியில் குடித்துவிட்டுப் புலம்பும் பிச்சைக்காரர்தான் முதல் அடி வாங்குகிறார். நாவலில் அலெக்ஸ் வீட்டுக்குக் கூட்டிவந்து குடிக்கக் கொடுத்துச் சீரழிப்பது பத்து வயதுச் சிறுமிகள் இருவரை. படத்தில் அவர்கள் வளர்ந்த பெண்கள், தாங்களாகவே சிரித்துக்கொண்டு வருகிறார்கள், காட்சி வேகமாக ஓடும் வேடிக்கையாகிவிடுகிறது. நாவலில் அவன் சிறைக்குள்ளும் ஒருவனைக் கொல்கிறான். படத்தில் அது இல்லவே இல்லை. நாவலின் அலெக்ஸுக்குத் தொடக்கத்தில் பதினைந்து வயது. மெக்டவல் அப்போது இருபத்தேழு வயதுக்காரர், அழகர், பார்ப்பவர்களை வசியம் செய்யக்கூடியவர்.

சிறுமிகளை அப்படித் திரையில் காட்டியிருக்கவே கூடாது, முடியவும் முடியாது. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லா மாற்றங்களும் ஒரே பக்கம் சாய்கின்றன, பாருங்கள். அடிப்பவன் மேல் நமக்கு வரவேண்டிய வெறுப்பு குறைந்துகொண்டே போகிறது, அடிபடுபவர்கள் அருவருப்பாகவோ கோமாளித்தனமாகவோ ஆகிக்கொண்டே போகிறார்கள். படம் வந்த சூட்டோடு அமெரிக்க விமர்சகர் பாலின் கேல் இதைத்தான் பிடித்தார். ரோஜர் ஈபர்ட்டும் கடுமையாக எழுதி இரண்டே நட்சத்திரம் கொடுத்தார். அதே சமயம் நியூயார்க் விமர்சகர்கள் வட்டம் அந்த ஆண்டின் சிறந்த படமாக இதைத் தேர்ந்தெடுத்தது, ஆஸ்கருக்கு நான்கு பரிந்துரைகளும் வந்தன. உங்கள் நண்பர்கள் அன்றைக்குப் போட்ட சண்டை ஐம்பது வருஷத்துக்கும் மேலாக நடந்துகொண்டிருக்கிறது.

ரத்தம் குறைவு என்று சொன்ன நண்பருக்கு என் பதில் இதுதான். எவ்வளவு ரத்தம் என்பது எனக்குப் பொருட்டே இல்லை. யாருடைய வலிக்குப் பக்கத்தில் கேமராவைக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள் என்றுதான் நான் பார்க்கிறேன். அலெக்ஸின் வலிக்கு மிகப் பக்கத்தில் போகிறார் குப்ரிக். அந்தச் சிகிச்சைக் காட்சியை நினைத்துப் பாருங்கள். நாற்காலியில் கட்டிப்போட்டு, மேலிமையையும் கீழிமையையும் கம்பிக் கொக்கிகளால் விரித்துப் பிடித்திருக்கிறார்கள். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கண் காயாமல் சொட்டு சொட்டாக மருந்து விட்டுக்கொண்டே இருக்கிறார். அவர் நடிகர் இல்லை, நிஜ மருத்துவர். அப்படி இருந்தும் மெக்டவலின் கருவிழியில் கீறல் விழுந்தது. பார்க்கும் நமக்கே கண் எரிகிறது. அந்தப் பெண்ணின் வலிக்கு இதில் கால்வாசி நெருக்கம்கூடக் கிடைக்கவில்லை. இரண்டாம் பாதியில் அலெக்ஸுக்காக நீங்கள் கலங்கியது இயல்பு. படம் உங்களை அவன் பக்கத்தில் மட்டும்தான் உட்கார வைத்தது.

அப்படியானால் இது மோசமான படமா? என்னால் அப்படிச் சொல்லிவிட முடியவில்லை. பின்பாதி இன்றைக்கும் என்னை உலுக்குகிறது. பழைய கூட்டாளிகள் இருவர் போலீஸ் உடுப்பில் வந்து அலெக்ஸின் தலையைத் தொட்டித் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடிக்கும் இடத்தைச் சொல்லலாம். அன்றைக்கும் இன்றைக்கும் கை அதேதான், உடுப்புதான் வேறு. கடைசியில் ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடப்பவனுக்கு மந்திரியே கறியை வெட்டி ஊட்டிவிடுகிறார். அவன் பறவைக்குஞ்சு போல வாயைத் திறந்து திறந்து காட்டுகிறான். ஒரு அரசுக்கு ரவுடி எப்போது ஆபத்து, எப்போது உபயோகம் என்பதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன காட்சியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

நாவலுக்கு இருபத்தொன்றாவது அத்தியாயம் ஒன்று உண்டு. அமெரிக்கப் பதிப்பில் அதை விட்டுவிட்டார்கள், குப்ரிக் கையில் எடுத்தது அந்தப் பதிப்பைத்தான். அதில் பதினெட்டு வயதான அலெக்ஸுக்கு அடிதடி தானாகவே அலுத்துப்போகிறது. பத்திரிகையிலிருந்து கத்தரித்த ஒரு குழந்தையின் படம் அவன் சட்டைப்பையில் இருக்கிறது. நாவலின் இன்னொரு காவல் அதன் மொழி. ரஷ்யச் சொற்களைத் திரித்துப் பர்ஜெஸ் உண்டாக்கிய கொச்சை அது. வன்முறைக்கு முன்னால் ஒரு திரை போலத் தொங்குகிறது. வாசகன் ஒவ்வொரு சொல்லாக விளங்கிக்கொண்டுதான் உள்ளே போக முடியும். கேமராவுக்கு அந்தத் திரை கிடையாது. படத்தால் தன் நாவல் தப்பாகப் புரிந்துகொள்ளப்பட்டது என்று பர்ஜெஸ் கடைசிவரை வருந்தினார், இந்த நாவலை எழுதியிருக்கவே கூடாது என்றுகூட எழுதினார். 1944இல், லண்டன் இருட்டடிப்பு இரவு ஒன்றில், அவருடைய முதல் மனைவி சில படைவீரர்களால் தாக்கப்பட்டார். அந்த எழுத்தாளர் வீட்டுக் காட்சி எங்கிருந்து வந்தது என்று தெரிந்தபின் அதைப் பார்ப்பது எனக்கு இன்னும் கஷ்டமாகிவிட்டது.

இப்போது உங்கள் தோழி. அந்தக் காட்சியில் கணவரைத் தரையில் கிடத்தி, நன்றாகப் பார் என்கிறான் அலெக்ஸ். பிறகு சிகிச்சையில் அலெக்ஸையும் அதேபோலப் பார்க்க வைக்கிறார்கள். படம் நெடுக யாரையாவது பிடித்துவைத்துப் பார்க்கச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். உங்கள் அறையில் ஒருவர், நான் பார்க்க மாட்டேன் என்று எழுந்தார். தேர்ந்தெடுக்க முடியாதவன் மனிதனாகவே இருப்பதில்லை என்று சிறைப் பாதிரியார் வாதாடுகிறாரே, அந்த வாதத்தை அன்றைக்குச் செய்து காட்டியவர் அவர்தான். படத்தைப் பற்றிப் பேச மற்ற ஆறு பேருக்கு உள்ள உரிமை அவருக்கும் உண்டு. ஏழு பேரில் அந்தப் பெண்ணுக்காக எதையாவது செய்தவர் அவர் ஒருவர்தான் என்பது என் எண்ணம்.

மீதிப் படத்தில் அந்த மனைவி என்ன ஆனார் என்று உங்களில் எத்தனை பேர் கவனித்தீர்கள் என்று தெரியவில்லை. பிற்பகுதியில் அலெக்ஸ் அதே வீட்டில் உட்கார்ந்து ஸ்பகெட்டி சாப்பிடுகிறான். எதிரே சக்கர நாற்காலியில் அவர் கணவர். மனைவி இறந்துவிட்டதாகவும், பல மாதம் கழித்துக் காய்ச்சல் பரவிய சமயத்தில் நடந்ததால் மருத்துவர்கள் நிமோனியா என்று சொல்லிவிட்டதாகவும் சொல்கிறார். உண்மையில் அவர் எதனால் இறந்தார் என்று தனக்குத் தெரியும் என்கிறார். சில வரிகள்தான். நான் முதல்முறை பார்த்தபோது அலெக்ஸ் மாட்டிக்கொள்வானோ என்ற பயத்தில் அந்த வரிகளைக் கேட்கவே இல்லை.

அதை மட்டும் இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். பார்த்துவிட்டு உங்கள் தோழிக்குப் போன் செய்து, அவர் எழுந்த நிமிஷத்தில் அவருக்கு என்ன தோன்றியது என்று கேளுங்கள். அவருக்கு விருப்பமிருந்தால் எனக்கு நேரடியாகவே எழுதட்டும், வெளியிடுகிறேன்.

அன்புடன்.