கர்னலுக்குக் கதை எதற்கு?

கேள்வி: பஞ்சாபி நாவலுக்காக சாகித்ய அகாதெமி விருது வாங்கிய நரிந்தர்பால் சிங் ஒரு ராணுவ கர்னலாமே! மேலிடத்து உத்தரவுக்கு சல்யூட் அடித்தே பழகியவர் சுதந்திரமாக எழுத முடியுமா?
(ஒரு வாசகர், கோவில்பட்டி)

பதில்: தாலுகா ஆபீஸில் ஃபைல் தள்ளிக்கொண்டே ஒருவர் நாவல் எழுதினால் உங்களுக்கு இந்தச் சந்தேகம் வருவதில்லை. அங்கே மட்டும் மேலிடம் இல்லையா, உத்தரவு இல்லையா? சல்யூட்டுக்குப் பதில் கும்பிடு, அவ்வளவுதான்.

கர்னலுக்கு விருது வாங்கித் தந்த நாவலின் பெயரைப் பாருங்கள்: 'பா முலாஹிஸா ஹோஷியார்'. முகலாய தர்பாரில் பாதுஷா வரும்போது கட்டியக்காரன் போடும் கூவல் அது. நம்மூர் ராஜா நாடகத்தில் 'பராக், பராக்' என்பார்களே, அதே ஜாதி. வாயை மூடு, தலையைக் குனி, பெரியவர் வருகிறார் என்று அர்த்தம். சல்யூட் அடித்தே பழகியவர் தேடிப்பிடித்து வைத்த தலைப்பு! விருது கிடைத்தது 1976இல். நாடே வாயை மூடிக்கொண்டிருந்த அவசரநிலைக் காலம். தற்செயல்தான், இருந்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

இன்னொன்றை நீங்கள் கவனிக்கவில்லை. அவர் மனைவி பிரப்ஜோத் கௌர் கவிஞர். 'பப்பி' என்ற தொகுப்புக்காக 1964இலேயே அகாதெமி விருது வாங்கிவிட்டார். 1967இல் பத்மஸ்ரீ. அந்த வீட்டில் சீனியாரிட்டிப்படி சல்யூட் அடிக்க வேண்டியவர் கர்னல்தான். (1964, 1976 இரண்டு ஆண்டுகளிலும் தமிழுக்கு அகாதெமி விருது கிடையாது. ராணுவத்தில் சேராத நாம் சுதந்திரமாக என்ன செய்துகொண்டிருந்தோமோ!)

பஞ்சாபிக்கு மூளை முழங்காலில் என்று ஜோக் அடிப்பவர்களுக்கு அது வெள்ளைக்காரன் விட்டுப்போன சரக்கு என்பது தெரியாது. சண்டைக்கு லாயக்கு, யோசிக்க லாயக்கில்லை என்று சில சாதிகளுக்குப் 'போர்க்குடிகள்' என்று முத்திரை குத்தி ஆள் சேர்த்தான். முதல் உலகப் போர் தொடங்கும்போது அவனுடைய இந்தியப் படையில் ஏறக்குறையப் பாதிப்பேர் பஞ்சாபிகள். பிரான்ஸ் போர்முனையிலிருந்து சிப்பாய்கள் ஊருக்குப் போட்ட கடிதங்களைத் தணிக்கை அதிகாரிகள் பிரித்துப் படித்தார்கள். அதற்குச் சிப்பாய்கள் கண்டுபிடித்த வழி: கருமிளகு தீர்ந்துகொண்டிருக்கிறது, சிவப்பு மிளகாய் வருகிறது என்று எழுதுவது. கருமிளகு நம்மாட்கள், மிளகாய் வெள்ளைக்காரர்கள். தணிக்கைக்காரனுக்கு அது புரிந்துவிட்டது. எடுத்து எழுதி வைத்துக்கொண்டான். அவன் எழுதி வைத்ததால்தான் இன்று நமக்கே தெரிகிறது.

உத்தரவு என்று ஆரம்பித்தீர்கள் அல்லவா, அதற்கு சரியான ஆள் குல்வந்த் சிங் விர்க். நாவலாசிரியர் அல்ல, சிறுகதைக்காரர். 1968இல் 'நவே லோக்' தொகுப்புக்கு அகாதெமி விருது பெற்றவர். ராணுவத்தில் இருந்தவர். பிரிவினைக்குப் பிறகு, கலவரத்தில் இரு பக்கமும் கடத்தப்பட்ட பெண்களை மீட்கும் தொடர்பு அதிகாரியாக வேலை பார்த்தார். சாதாரண வேலையா அது? இரு நாட்டு அரசுகளும் உடன்பாடு செய்துகொண்டு, உன் பெண்களை நீ கூட்டிப்போ, என் பெண்களை நான் கூட்டிப்போகிறேன் என்று பட்டியல் போட்டன. 1949இல் இந்தியா அதற்குச் சட்டமே கொண்டுவந்தது. வருகிறாயா என்று அந்தப் பெண்ணைக் கேட்க வேண்டும் என்று மட்டும் அந்தச் சட்டத்தில் இல்லை.

விர்க்கின் 'கப்பல்' கதை அப்படி ஒரு அதிகாரியைப் பற்றியது. (நம் கடல் கப்பல் இல்லை, பஞ்சாபியில் அது ஒரு புல்.) சொந்தக்காரர்கள் யாரும் மிஞ்சாத ஒரு பெண், கடத்தியவன் வீட்டில் காய்ச்சலோடு படுத்திருக்கிறாள். அதிகாரி போகிறார். கையில் சர்க்கார் அதிகாரம் இருக்கிறது. அவளோ என்னைக் கூட்டிப்போங்கள் என்று அழவில்லை. ஒரே ஒரு உதவி கேட்கிறாள்: என் நாத்தனார் எங்கோ யார் வீட்டிலோ இருக்கிறாள், அவளைத் தேடி என்னிடம் கொண்டுவந்து விடுங்கள், நானே இங்கே அவளுக்கு ஒரு கல்யாணம் செய்துவைப்பேன், எனக்கும் உறவு என்று நாலு பேர் உண்டாவார்கள். மீட்க வந்தவருக்கு இப்படி ஒரு உத்தரவு! எந்தச் சட்டப் பிரிவில் அதை நிறைவேற்றுவார்? அப்போது அவருக்கு ஒரு கிழட்டு விவசாயி எப்போதோ சொன்னது நினைவுக்கு வருகிறது. கப்பல் புல்லை உழுது, வேரோடு பிடுங்கி வயலுக்கு வெளியே எறிந்தாலும் பத்து நாளில் எங்கோ ஒரு தளிர் தலைநீட்டும்.

அந்தக் கப்பல் வேறொன்றுமில்லை, நம் அறுகம்புல். 'ஆல்போல் தழைத்து, அருகுபோல் வேரோடி' என்று கல்யாண வீட்டில் அட்சதை போடுகிறோமே, அதேதான்.