இரண்டாவது சர்வர் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

கேள்வி: எங்கள் மருந்து மொத்த விற்பனைக் கடையின் பில்லிங் மென்பொருள் ஒரே சர்வரில் ஓடுகிறது. ஆண்டில் 99 சதவீத நேரம் சரியாக இயங்குகிறது. அதே மாதிரி இன்னொரு சர்வர் சேர்த்தால் 99.99 சதவீதம் ஆகிவிடும் என்கிறார் விற்பனையாளர். நம்பிப் பணம் போடலாமா?

பதில்: பெருக்கலில் தப்பில்லை. ஒரு சர்வர் நின்றிருக்கும் வாய்ப்பு நூறில் ஒன்று என்றால், இரண்டும் சேர்ந்து நின்றிருக்கும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று. ஆண்டுக்கு மூன்றரை நாளுக்கு மேல் நின்றது 53 நிமிடமாகக் குறையும். ஆனால் ஒன்று நிற்பதற்கும் மற்றது நிற்பதற்கும் சம்பந்தமே இல்லாதபோதுதான் இப்படிப் பெருக்கலாம். ஹார்ட் டிஸ்க், பவர் சப்ளை விஷயத்தில் இது ஓரளவு உண்மை. மென்பொருளோ தேய்வதில்லை. அதன் பிழை எழுதிய நாளிலிருந்தே உள்ளே இருக்கிறது. இரண்டாவது சர்வரில் நிறுவும்போது அந்தப் பிழையும் கூடவே போகிறது.

1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் முதல் பயணத்திலேயே சிதறியது இதனால்தான். திசையும் வேகமும் சொல்லும் கருவிகள் அதில் இரண்டு இருந்தன. இரண்டிலும் ஒரே மென்பொருள், ஏரியன் 4-இலிருந்து எடுத்தது. 64 பிட் எண் ஒன்றை 16 பிட்டில் அடக்கப் பார்த்தபோது அது கொள்ளவில்லை. முதலில் மாற்றுக் கருவி நின்றது. 72 மில்லி விநாடியில் முதன்மைக் கருவியும் அதே காரணத்தால் நின்றது.

சரி, வேறு வேறு ஆட்களை வைத்து எழுதினால்? 1986-இல் நைட், லெவ்சன் என்ற கணினி ஆய்வாளர்கள் இருவரும் அமெரிக்காவில் இதைச் சோதித்தார்கள். ஒரே வேலைக்குத் தனித்தனியாக எழுதிய 27 நிரல்களைப் பத்து லட்சம் சோதனைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். பல நிரல்கள் ஒரே இடத்தில் சேர்ந்து தவறின. தற்செயலாக நடக்கக்கூடியதைவிட மிக அதிகமாக. கடினமான இடம் எல்லோருக்கும் கடினமாகத்தான் இருக்கிறது.

இப்போது உங்கள் கணக்கு. நிற்கும் அந்த 1 சதவீதத்தில் ஐந்தில் ஒரு பங்கு, எந்த சர்வரில் ஓட்டினாலும் தவறாமல் வரும் மென்பொருள் பிழையால் என்று வைத்துக்கொள்வோம். அந்த 0.2 சதவீதம் இரண்டு சர்வரையும் சேர்த்தே நிறுத்தும். இரண்டாவது சர்வரால் அது குறையாது. மீதி 0.8 சதவீதம் மட்டும் பெருக்கலில் கரைந்து 0.0064 சதவீதம் ஆகும். ஆக, கிடைப்பது சுமார் 99.79 சதவீதம், ஆண்டுக்கு 18 மணி நேர நிறுத்தம். வாங்குவதில் பலன் உண்டு, 53 நிமிடம் என்ற பேச்சுதான் பொய். ஐந்தில் ஒன்று என்பது என் உதாரணம். உங்கள் பங்கு எவ்வளவு என்று உங்கள் பதிவேடுதான் சொல்லும்: எப்போது நின்றது, எதனால், எத்தனை நிமிடத்தில் மீண்டது. ரீஸ்டார்ட் செய்ததும் சரியானதா, அதே பில்லைப் போட்டதும் மறுபடி நின்றதா என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். முதல் வகையை இரண்டாவது சர்வர் பெரும்பாலும் சமாளிக்கும். பழுது வந்தாலும் நிற்காமல் ஓடும் கணினிகளைச் செய்த டேண்டம் நிறுவனத்தின் ஜிம் கிரே 1985-இல் காட்டியபடி, பயன்பாட்டில் உள்ள மென்பொருளில் இந்த வகையே அதிகம். இரண்டாவது வகைக்கு மென்பொருளைத் திருத்துவதுதான் வழி.

மீளும் நேரத்தையும் பாருங்கள். சராசரியாக 500 மணி நேரத்துக்கு ஒருமுறை நின்று, மீள 5 மணி நேரம் ஆனால் 99 சதவீதம். அதே 500-ஐ வைத்துக்கொண்டு அரை மணியில் மீண்டால் 99.9. இரவு பேக்கப், அதைத் திரும்ப ஏற்றும் பழக்கம், கூப்பிட்டதும் வரும் ஆள்: என் பரிந்துரை, முதலில் இதற்குச் செலவழியுங்கள்.

அப்புறம், "ஆயிரம் மணி நேரம் ஓட்டினோம், ஒருமுறைகூட நிற்கவில்லை" என்று விற்பனையாளர் காட்டினால், அதிலிருந்து 95 சதவீத நம்பிக்கையோடு சொல்ல முடிவது இவ்வளவுதான்: சராசரியாக 333 மணி நேரத்துக்கு ஒருமுறை என்பதைவிட அடிக்கடி நிற்காது. அதுவும் மாதக் கடைசி நெரிசல் உட்பட உங்கள் கடையின் உண்மையான பில்களை வைத்து ஓட்டியிருந்தால் மட்டுமே.