பயாப்ஸி ரிப்போர்ட்டில் பி16, பி.டி.-எல்1: கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பற்றிச் சில கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து வந்த கேள்விகளுக்குச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். நான் பேத்தாலஜிஸ்ட். திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்து ரிப்போர்ட் எழுதுவதுதான் என் வேலை. ரிப்போர்ட்டில் இருப்பதற்கு அர்த்தம் சொல்வேன். மருந்து, சிகிச்சையெல்லாம் உங்கள் டாக்டர் பாடு.

பாலக்கோட்டிலிருந்து ஒரு மகள்: மேடம், அம்மாவுக்கு 54 வயது. பயாப்ஸியில் 'பி16 பாசிட்டிவ்' என்று வந்திருக்கிறது. பாசிட்டிவ் என்றதும் வீட்டில் எல்லோரும் அழுகிறார்கள். முற்றிவிட்டதா?

இல்லைம்மா. அந்தச் சொல்லுக்கும் ஸ்டேஜுக்கும் சம்பந்தமே இல்லை. இந்த நோய் பெரும்பாலும் ஹெச்.பி.வி. வைரஸால் வருவது. அதில் 16, 18 என்ற இரண்டு வகைகளே சுமார் 70 சதவீத நோய்க்குக் காரணம். வைரஸின் ஈ7 புரதம், செல் பெருகாமல் தடுக்கும் ஆர்.பி. புரதத்தைச் செயலிழக்க வைக்கிறது. பி16 என்ற புரதம் செல்லின் பிரேக் மிதி மாதிரி. ஒயர் அறுந்த வண்டியில் மிதியை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்காது இல்லையா, அதுபோல செல் பி16-ஐ உற்பத்தி செய்துகொண்டே போகிறது. சாயம் போட்டுப் பார்த்தால் கட்டி முழுக்க இடைவெளி இல்லாமல் பழுப்பு நிறம் தெரியும். அதைத்தான் பாசிட்டிவ் என்று எழுதுகிறோம். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பழுப்புத் திட்டுகள் இருந்தால் அது கணக்கில் வராது.

உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வகைப்பாடு இந்தக் கட்டிகளை வைரஸால் வந்தவை, வைரஸ் இல்லாமல் வந்தவை என்று பிரிக்கிறது. இரண்டாவது வகை அரிது. பொதுவாக அதுதான் முரண்டு பிடிக்கும். ஆக, இந்த விஷயத்தில் பாசிட்டிவ் என்பது நல்ல பக்கம்தான். ஸ்கேனில் ஸ்டேஜ் என்ன, நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருக்கிறதா, இந்த இரண்டையும் டாக்டரிடம் கேளுங்கள். அம்மாவின் எதிர்காலத்தைப் பற்றிப் பி16-ஐ விட அவை அதிகம் சொல்லும்.

ஓசூர், கம்பெனி வேலையில் இருப்பவர்: மனைவிக்கு ஸ்டேஜ் 2பி. ஜீன் டெஸ்ட் எடுத்தால் பிழைப்பாளா என்று தெரிந்துவிடும் என்கிறார் லேப் ஆள் ஒருவர். கடன் வாங்கி எடுக்கலாமா?

தம்பி, அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ரிசல்ட் எப்படி வந்தால் சிகிச்சை எப்படி மாறும்?" பதில் இல்லையென்றால் கடன் வேண்டாம்.

கட்டிக்குள் மரபணு மாற்றங்கள் இருப்பது உண்மை. பி.ஐ.கே.3.சி.ஏ. என்ற மரபணுவில் மாற்றம் அடிக்கடி காணப்படுகிறது. 2017-இல் வந்த பெரிய மரபணு வரைபட ஆய்வும் அதைக் காட்டியது. ஆனால் 2பி-க்கு, அதாவது கட்டி கர்ப்பப்பை வாயைத் தாண்டிப் பக்கத் திசுவுக்குப் பரவிய நிலைக்கு, இன்றைய வழி கதிர்வீச்சும் வாரம் ஒரு முறை சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும்தான். அந்த மாற்றம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே வழிதான். பிழைப்பாரா மாட்டாரா என்று ஒரு தனி மனுஷிக்குச் சொல்லும் டெஸ்ட் எதுவும் கிடையாது. அப்படிச் சொல்லி விற்பது எனக்குப் பிடிக்கவில்லை.

நிஜமாகவே சிகிச்சை முடிவை மாற்றும் மார்க்கர், அதாவது திசுவில் பார்க்கும் அடையாளம், என்றால் பி.டி.-எல்1. புற்றுச் செல்லை உடலின் எதிர்ப்புச் சக்தியிடமிருந்து காக்கும் புரதம் அது. நோய் திரும்பி வந்தாலோ, வேறு உறுப்புக்குப் பரவினாலோ அதைப் பார்ப்போம். சாயம் ஏறிய புற்றுச் செல்கள், அவற்றைச் சுற்றிச் சாயம் ஏறியிருக்கும் லிம்போசைட், மேக்ரோபேஜ் என்ற எதிர்ப்புச் செல்கள் எல்லாவற்றையும் எண்ணி, உயிருள்ள மொத்தப் புற்றுச் செல்களால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் வருவது சி.பி.எஸ். எண்ண குறைந்தது 100 புற்றுச் செல்களாவது வேண்டும். துணுக்கு பயாப்ஸியில் சில சமயம் அதுகூடத் தேறாது. சி.பி.எஸ். 1-ஓ அதற்கு மேலோ இருந்தவர்களுக்குக் கீமோவுடன் பெம்ப்ரோலிசுமாப் என்ற எதிர்ப்புச் சக்தி மருந்தைச் சேர்த்தபோது ஆயுள் கூடியது. 2021-இல் வெளியான கீநோட்-826 ஆய்வு சொன்னது இது. மருந்து விலை அதிகம். முதலில் காப்பீட்டுக் கவுண்டரில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

காவேரிப்பட்டணம், மாந்தோப்பு விவசாயி: வீட்டம்மாவுக்குக் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்துக்கொண்டிருக்கிறோம். ரத்தம் (ஹீமோகுளோபின்) 8 கிராம்தான். மாங்காய் சீசன், ஆள் கிடைக்கவில்லை. இரண்டு வாரம் நிறுத்திவிட்டு அப்புறம் தொடரலாமா?

நிறுத்தவே நிறுத்தாதீர்கள், ஐயா. இன்று வந்த கேள்விகளில் எனக்குக் கவலை தந்தது இதுதான். வெளியிலிருந்து வைப்பது, உள்ளே வைப்பது இரண்டும் சேர்ந்து 8 வாரத்துக்குள் முடிய வேண்டும். இழுத்துக்கொண்டு போனால் மிஞ்சிய செல்கள் மறுபடி பெருகும், நோய் அதே இடத்தில் திரும்பும் வாய்ப்பு கூடும். சேலத்துக்கோ பெங்களூருக்கோ தினம் பஸ் ஏறும் கஷ்டம் தெரியும். சிகிச்சை முடியும்வரை அங்கேயே தங்க இடம் கிடைக்குமா என்று ஆஸ்பத்திரியில் கேளுங்கள். தோப்பைக் குத்தகைக்கு விட்டாலும் பரவாயில்லை.

8 கிராம் என்பதும் சும்மா விடுகிற எண் இல்லை. கதிர்வீச்சு செல்லைக் கொல்ல ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜன் குறைந்த கட்டி கதிருக்குச் சட்டென்று மசியாது. இதை அளக்க சி.ஏ.-9, ஹெச்.ஐ.எஃப்.-1 ஆல்ஃபா என்று மார்க்கர்கள் ஆராய்ச்சியில் உண்டு, நடைமுறைக்கு வரவில்லை. கையில் இருப்பது ஹீமோகுளோபின் டெஸ்ட்தான். ரத்தம் ஏற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நிரூபணம் இல்லை; ஆனாலும் 10-க்கு மேல் வைத்திருக்கவே டாக்டர்கள் பார்ப்பார்கள். நாளைக்கே கேளுங்கள். கிரியாட்டினினையும் பார்க்கச் சொல்லுங்கள், சிஸ்பிளாட்டினுக்குக் கிட்னி சரியாக இருக்க வேண்டும்.

பென்னாகரம்: சிகிச்சை முடிந்தபின் அக்காவுக்கு எஸ்.சி.சி. ஆன்டிஜன் 1.1 இருந்தது, இப்போது 2.3. திரும்பிவிட்டதா?

எஸ்.சி.சி. ஆன்டிஜன் என்பது ரத்தத்தில் அளக்கும் ஒரு புரதம். ஒரு எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. பல லேப்களில் 1.5 நானோகிராம்வரை நார்மல். சொரியாசிஸ், கரப்பான், கிட்னிக் கோளாறு இருந்தாலும் ஏறும். தோலிலும் எச்சிலிலும் இந்தப் பொருள் நிறைய உண்டு. சாம்பிளில் கொஞ்சம் பட்டாலே எண் எகிறிவிடும். அதே லேபில் திரும்ப எடுங்கள். மறுபடியும் ஏறினால் தாமதிக்காமல் பரிசோதனையும் ஸ்கேனும். செதிள் செல் வகைப் புற்றுக்குத்தான் இது உதவும். சுரப்பிச் செல்லில் வரும் அடினோகார்சினோமாவாக இருந்தால் இதை நம்பிப் பயனில்லை.

அரூர்: எங்கள் ஊர் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். அதனால் வருமா?

வராது. ஃப்ளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுக்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். கர்ப்பப்பை வாய்க்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஊத்தங்கரை, பெயர் வேண்டாம் என்றவர்: வைரஸ் என்று டாக்டர் சொன்னதிலிருந்து கணவர் பேசுவதில்லை. எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று டெஸ்டில் தெரியுமா?

தெரியாதும்மா. அப்படி ஒரு டெஸ்ட் இல்லை. உடலுறவு வாழ்க்கை உள்ள பெரும்பாலானவர்களுக்கு, ஆணோ பெண்ணோ, ஏதாவது ஒரு கட்டத்தில் இந்த வைரஸ் வந்து போகிறது. சிலருக்குத் தங்கிவிடுகிறது, தங்கியது புற்றாக மாறப் பத்துப் பதினைந்து வருஷம்கூட ஆகும். கல்யாணமான புதிதில் கணவரிடமிருந்தே வந்திருக்கலாம். இதை வைத்து ஒருவர் நடத்தையை எடைபோடவே முடியாது. அடுத்த செக்கப்புக்கு அவரையும் அழைத்துப்போய் டாக்டரையே இதைச் சொல்லச் சொல்லுங்கள்.

மத்தூர்: வேறு ஆஸ்பத்திரிக்கு மாறுகிறோம். என்னென்ன கொண்டுபோக வேண்டும்?

ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது. பயாப்ஸி செய்த லேபில் ஸ்லைடுகளையும் திசு பதித்த மெழுகு பிளாக்கையும் எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்குங்கள். பி.டி.-எல்1 பார்ப்பதும் அந்த பிளாக்கிலிருந்து வெட்டும் திசுவில்தான். வெயிலில் நிற்கும் காரிலோ வண்டிப் பெட்டியிலோ வைத்துவிடாதீர்கள், மெழுகு இளகிவிடும். மேலே எழுதியிருக்கும் பிளாக் நம்பரும் ரிப்போர்ட் நம்பரும் ஒன்றுதானா என்று கவுண்டரிலேயே சரிபார்த்து வாங்குங்கள்.