முன்பக்கம் தூக்கிய ஹைலக்ஸ், கம்பெனி ரிம்: எவ்வளவு பெரிய டயர் போடலாம்?

கேள்வி இதுதான்: வண்டி டொயோட்டா ஹைலக்ஸ் ரெவோ, கம்பெனி டயர் 265/65 ஆர்17 (265 மில்லிமீட்டர் அகலம், பக்கச்சுவர் உயரம் அதில் 65 சதவீதம், ரிம் 17 அங்குலம்), முன் ஸ்பிரிங்குக்கு மேலே ஸ்பேசர் என்கிற தடிப்புத் துண்டு போட்டு இரண்டு அங்குலம் தூக்கி முன்பின் சமமாக்கியாச்சு, ரிம்மை மாற்றுகிற எண்ணமில்லை, 285/70 போட்டால் இடிக்குமா?

இடிக்கும். 265/70 ஆர்17 போடுங்கள். அவசரக்காரர்கள் இதோடு கிளம்பலாம், காரணம் வேண்டுபவர்கள் தொடர்ந்து படியுங்கள்.

பேராக்கில் எங்கள் பீடோர் பக்கம் செம்பனைத் தோட்டத்துக்குள் ஓடுகிற ஃபோர்வீல் நிறைய. அதில் முன்பக்கத்தைத் தூக்கியவர்கள் எல்லாருக்கும் ஒரு நினைப்பு இருக்கிறது, தூக்கியாச்சு, இனி எந்த டயரும் உள்ளே போகும் என்று. வண்டி சும்மா நிற்கும்போது டயருக்கு மேலே நல்ல இடைவெளி தெரிவது உண்மைதான். ஆனால் டயர் உரசுகிற இடம் அங்கே இல்லை. ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி ரிவர்ஸ் எடுக்கும்போது முன் டயரின் பின்னோரம் மட்ஃபிளாப்பிலும், அதற்கு உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் உறையிலும், கேபின் சேசிஸில் உட்காரும் முட்டிலும்தான் போய்ப் படும். ஸ்பேசர் இந்த இடத்துக்கு ஒன்றும் செய்வதில்லை. பெரிய பள்ளத்தில் இறங்கி சஸ்பென்ஷன் முழுசாக அமுங்கினால் டயர் அநேகமாகப் பழைய உயரத்துக்கே ஏறிவிடும், அந்த நேரத்தில் நீங்கள் தூக்கிய இரண்டு அங்குலம் கணக்கிலேயே வராது.

இப்போது அளவைப் பார்ப்போம். 265/65-இன் விட்டம் 776 மில்லிமீட்டர், 265/70-க்கு 803, 285/70-க்கு 831. தரையிலிருந்து கிடைக்கும் கூடுதல் உயரம் விட்ட வித்தியாசத்தில் பாதிதான், அதாவது 265/70-இல் 13 மில்லிமீட்டர், 285/70-இல் 27. 285 அகலத்திலும் 20 கூடுகிறது, கம்பெனி ரிம்மில் அதில் பாதி உள்பக்கம் சஸ்பென்ஷனின் மேல் ஆர்மை நோக்கிப் போகும். இன்னொன்று, கம்பெனி ரிம் ஏழரை அங்குல அகலம், 285/70-க்கு டயர் கம்பெனிகள் அனுமதிக்கும் கீழ் வரம்பே அதுதான். மாட்டலாம், ஆனால் டயர் இடுப்பைப் பிடித்த மாதிரி குறுகி நிற்கும். 265/70-க்கு அந்த ரிம் தாராளம்.

ரிம்முக்கும் ஹப்புக்கும் நடுவில் வீல் ஸ்பேசர் போட்டுச் சக்கரத்தை வெளியே தள்ளிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள், காதில் வாங்காதீர்கள். மேல் ஆர்மிலிருந்து விலகும், சரி, ஆனால் திருப்பும்போது டயர் இன்னும் பெரிய வட்டம் போட்டு மட்ஃபிளாப்பை இன்னும் அதிகமாக இடிக்கும். மட்கார்டைத் தாண்டி டயர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) சம்மன் வேறு.

டயர் வாங்குவதற்கு முன்னால் அலைன்மென்ட் செய்யுங்கள், பின்னால் அல்ல. முன்பக்கத்தைத் தூக்கியதில் கேஸ்டர், அதாவது ஸ்டியரிங் அச்சின் பின்சாய்வு, குறைந்திருக்கும், நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் அலைபாய்வது அதனால்தான். அதைச் சரிக்கட்டும்போது சக்கரம் கொஞ்சம் முன்னே பின்னே நகரும், நகர்ந்த பிறகு எங்கே நிற்கிறதோ அதுதான் உங்கள் உண்மையான இடைவெளி. அலைன்மென்ட் முடிந்ததும் ஒரு முன் சக்கரத்தை மேட்டில் ஏற்றி நிறுத்தி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். பழைய டயருக்கும் உறைக்கும் நடுவில் எத்தனை விரல் போகிறது? புது டயருக்குப் பிறகும் ஒரு விரல் மிச்சம் இருக்க வேண்டும். டவுனில் மட்டும் ஓட்டுபவருக்கு அதற்குக் குறைந்தாலும் ஓடிவிடும். தோட்டத்தில் மழை நாளில் களிமண் அப்பிக்கொண்டு உறையின் மேலேயே ஒரு தட்டு மாதிரி காய்ந்து நிற்குமே, அந்த விரல் இடம் அதற்குத்தான்.

மீட்டர் விஷயம் சுருக்கமாக: 285/70 என்றால் பழைய டயரை விட 7 சதவீதம் வேகமாக ஓடுவீர்கள், மீட்டர் அதைக் காட்டாது, பிளஸ் நெடுஞ்சாலையில் வேக வரம்பான 110-ஐ ஒட்டி ஓட்டுபவர் கேமராவை நினைத்துக்கொள்ளுங்கள். 265/70-க்கு மூன்றரைதான், கம்பெனி மீட்டர் பொதுவாகக் கொஞ்சம் கூட்டிக் காட்டுவதால் அநேகமாகச் சரியாகிவிடும். தாப்பாவிலிருந்து மலைப்பாதையில் ரிங்லெட் ஏறும்போது பெரிய டயரின் கனம் காலில் தெரியும், கியர் குறைத்துக்கொண்டே போக வேண்டும், இறங்கும்போது பிரேக்குக்கும் வேலை அதிகம்.

டயரின் பக்கச்சுவரில் இருக்கும் பளுக் குறியீட்டு எண்ணையும் பாருங்கள். 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும், புதியது அதற்குக் கீழே இறங்கக்கூடாது. செம்பனை மட்டை முள் குத்துகிற இடத்தில் ஓட்டுபவருக்கு எல்டி (லைட் டிரக்) வகை நல்லது, தடிப்பு அதிகம், ஆனால் கனமும் அதிகம், அதே பளுவுக்குக் காற்றும் கூட்டி வைக்க வேண்டும். தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான ஆல் டெரைன் போதும். சேற்றுக்கான மட் டெரைன் தார் ரோட்டில் இரையும், தோள்பட்டைக் கட்டைகள் நீட்டிக்கொண்டிருப்பதால் அதே அளவிலும் முதலில் உரசுவது அதுதான்.

பின்னால் செம்பனைக் குலை ஏற்றுகிற வண்டியா? அப்படியானால் முன்பக்கத்தைத் தூக்கியதே எனக்குப் பிடிக்கவில்லை. கம்பெனி பின்பக்கத்தை உயர்த்தி வைத்தது பளு ஏறினால் சமமாக வரட்டும் என்றுதான். இப்போது பளு ஏறினால் மூக்கு மேலே போய், இரவில் எதிரே வருபவர் கண்ணில் விளக்கு அடிக்கும். விளக்கை இறக்கி வையுங்கள்.

கடைசியாக ஸ்பேர். ஃபோர்வீலில் போட்டு ஓட்டும்போது நாலும் ஒரே விட்டமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முன்பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும். முள் குத்துவது சேற்றுக்குள்தான், அங்கே பழைய 265/65-ஐ மாட்டி ஃபோர்வீலில் வெளியே வர முடியாது. டயர் கடை தவ்க்கே (முதலாளி) நாலுக்குத்தான் விலை சொல்வார், நீங்கள் ஐந்துக்குக் கேளுங்கள்.