பகுதி வேறுபடும் பின்னங்களைக் கழித்தல்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, 3/4 − 1/2 என்பதில் மேலெண்ணை மேலெண்ணோடும் கீழெண்ணைக் கீழெண்ணோடும் கழித்தால் என்ன தவறு?

பதில்: அப்படிக் கழித்தால் 2/2, அதாவது 1 வருகிறது. முக்காலிலிருந்து அரையை எடுத்த பிறகு முழுதாக ஒன்று மிஞ்சுமா என்று நீங்களே பாருங்கள். பகுதி, அதாவது கீழெண், என்பது துண்டின் பெயர்; தொகுதி, அதாவது மேலெண்தான் எண்ணிக்கை. முக்கால் என்ற நம் சொல்லே ‘கால் என்னும் துண்டு மூன்று’ என்று சொல்லிவிடுகிறது. அரையை இரண்டு கால் என்று பெயர் மாற்றிக்கொண்டால், மூன்று காலில் இரண்டு கால் போக ஒரு கால் மீதி.

கேள்வி: 5/6 − 3/8 கணக்கைப் படிப்படியாகச் செய்து காட்டுவீர்களா?

பதில்: 6, 8 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு (மீ.சி.ம.), அதாவது இரண்டாலும் வகுபடும் மிகச் சிறிய எண், 24. 6ஐ 24 ஆக்க 4ஆல் பெருக்குகிறோம் என்பதால் தொகுதியையும் 4ஆல் பெருக்க, 20/24 கிடைக்கிறது. 3/8 அவ்வாறே 9/24 ஆகிறது. விடை 11/24. தொகுதியைப் பெருக்க மறந்து 5/24 என்று எழுதினால், பின்னம் நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்.

கேள்வி: மீ.சி.ம. எதற்கு? குறுக்கே பெருக்கினால் போதாதா?

பதில்: விடை சரியாகவே வரும். ஆனால் 7/36 − 5/48 கணக்கைக் குறுக்கே பெருக்கினால் (7×48 − 5×36)/(36×48) = 156/1728 என்று வந்து நிற்கும், மீ.சி.ம. 144ஐ எடுத்தவர் 28/144 − 15/144 = 13/144 என்று அதற்குள் முடித்திருப்பார்.

கேள்வி (அதே நண்பர்): 4/7 − 2/5க்கு இரண்டு வழியும் ஒன்றுதானே? மீ.சி.ம. எடுத்த பிறகும் சுருக்க வேண்டிய கணக்குகள் உண்டே?

பதில்: இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். 7க்கும் 5க்கும் 1ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லாததால் மீ.சி.ம.வே 35தான். 5/6 − 3/10 கணக்கில் 16/30 வந்து, பிறகு 8/15 ஆகச் சுருங்குகிறது. ஆயினும், கொடுத்த பின்னங்கள் ஏற்கெனவே சுருக்கிய வடிவில் இருந்தால், மீ.சி.ம. வழியில் கடைசியில் வகுக்க வேண்டிய எண் இரு பகுதிகளின் மீப்பெரு பொதுக் காரணியை, அதாவது இரண்டையும் மீதியின்றி வகுக்கும் மிகப் பெரிய எண்ணைத் தாண்டுவதே இல்லை. இங்கே அது 2. ஆகவே 2ஆல் வகுபடுகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

கேள்வி: பின்னத்தைப் பின்னத்தால் வகுப்பது எப்படி?

பதில்: அது வேறு பாடம்; கழித்தலோடு கலக்க வேண்டாம்.

கேள்வி: பகுதிகளையும் சேர்த்துக் கழிக்கலாமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: 4 1/3 − 1 3/4 கணக்கில் சிறிய பின்னத்திலிருந்து பெரியதைக் கழிக்க வேண்டியிருக்கிறதே?

பதில்: முதலில் 4 4/12 − 1 9/12 என்று மாற்றுங்கள், தொகுதிகளையும் பெருக்கினீர்களா என்று மீண்டும் கேட்டுக்கொள்கிறேன். 4இல் 9 போகாது என்பதால் முழு எண்ணிலிருந்து 1 கடன் வாங்குகிறோம். முழு எண் கழித்தலில் 10 கடன் வாங்கிய பழக்கத்தில் பலர் 4ஐ 14 ஆக்கிவிடுகிறார்கள். இங்கே கடன் வாங்கிய 1 என்பது 12/12; எனவே 3 16/12 − 1 9/12 = 2 7/12.