வேலை பார்க்காமல் சம்பளமா?

கேள்வி: அமெரிக்காவில் பட்ஜெட் சண்டையில் அரசு அலுவலகங்களை மூடினாலும், பிறகு ஊழியர்களுக்கு முழுச் சம்பளத்தையும் கொடுத்துவிடுகிறார்களாமே? வேலை பார்க்காமலே சம்பளம்! இதற்கு ஏன் இவ்வளவு கூச்சல்?
(ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: வேலை பார்க்காமல் என்று யார் சொன்னது? 2018 டிசம்பர் 22 தொடங்கி 35 நாள் நடந்த முடக்கத்தில் சுமார் 8 லட்சம் பேருக்குச் சம்பளம் நின்றது. அதில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் தினமும் வேலைக்குப் போனார்கள். விமான நிலையத்தில் பை சோதிப்பவர், விமானங்களுக்கு வழி சொல்லும் கட்டுப்பாட்டாளர், சிறைக் காவலர், கடலோரக் காவல் படையினர் எல்லோரும் இதில் உண்டு. ஜனவரி 11 அன்று பலருக்கு வந்த சம்பளச் சீட்டில் 0 டாலர் என்று இருந்தது. அதைக் காட்டினால் வீட்டுக்காரர் வாடகை கேட்காமல் விடுவாரா? வாஷிங்டனில் அரசு அடையாள அட்டையைக் காட்டி இலவசச் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றார்கள். மாதச் சம்பளக்காரருக்கு அந்த வரிசை எவ்வளவு கூசும் என்று உங்களுக்கும் தெரியும். இத்தனைக்கும் பட்ஜெட்டை நிறைவேற்ற வேண்டிய காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) உறுப்பினர்களின் சம்பளம் ஒரு நாள்கூட நிற்கவில்லை.

இது காலங்காலமாக இருக்கும் வழக்கமும் இல்லை. முன்பெல்லாம் நிதி ஒதுக்கீடு தாமதமானாலும் அலுவலகங்கள் பெரும்பாலும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. 1980-ல் அட்டர்னி ஜெனரல் (அரசின் தலைமைச் சட்ட அதிகாரி) பெஞ்சமின் சிவிலெட்டி, ஒதுக்காத பணத்தைச் செலவு செய்யக் கூடாது என்ற ஒரு பழைய சட்டத்துக்குக் கொடுத்த விளக்கத்துக்குப் பிறகே மூடுவது ஆரம்பமானது. மனிதர் கொண்டுவந்த வழக்கம், மனிதரே மாற்றலாம்.

சரி, நிலுவைச் சம்பளத்துக்கு வருகிறேன். அதற்கு 2019-ல் சட்டமே போட்டார்கள், உண்மைதான். ஆனால் அது அரசின் நேரடி ஊழியருக்கு மட்டும். அந்த ஜனவரியில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்களைப் பூட்டியபோது, அங்கே தரை துடைத்தவர்கள், காவலுக்கு நின்றவர்கள், கேன்டீனில் பரிமாறியவர்கள் பலரும் காண்ட்ராக்ட் ஆட்கள். மணிக்கணக்குக் கூலி. கதவு மூடினால் கூலி இல்லை, திறந்த பிறகும் பழைய கூலி வராது. அவர்களுக்கும் கொடுக்க மசோதா கொண்டுவந்தார்கள், சட்டமாகவில்லை.

2025 அக்டோபர் 1 முதல் மறுபடியும் மூடினார்கள், இந்த முறை 43 நாள். சுமார் 4.2 கோடி ஏழைகளுக்கான உணவு உதவி நவம்பரில் தடைபட்டது. பெருக்கித் துடைத்தவருக்கு இந்தத் தடவையும் நிலுவை என்று எதுவும் இல்லை. கூச்சல் அவருக்காகத்தான். நானும் அந்தப் பக்கம்தான்.