ஃபோனைப் பிடுங்கினால் பிள்ளை வாயைத் திறக்காது: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் நிறைய ஒரே விஷயத்தைப் பற்றியவை: இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகள், கைப்பேசி, பகடிவதை. அதனால் மாமியார் மருமகள் கேள்விகளுக்கு அடுத்த இதழில் பதில் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: வணக்கம் அக்கா. என் மகள் படிவம் 2 படிக்கிறாள். பள்ளி கேன்டீனில் மீ கோரேங் சாப்பிடும்போது, வாயில் மீ தொங்குகிற நேரம் பார்த்து யாரோ படம் எடுத்து, அதை ஸ்டிக்கராக்கி வகுப்பு வாட்சப் குழுவில் விட்டிருக்கிறார்கள். கீழே 'கருப்பி லாப்பார்' (கருப்பிக்குப் பசியாம்) என்று எழுத்து வேறு. யார் எதைப் போட்டாலும் பதிலுக்கு அந்த ஸ்டிக்கர்தான் வருகிறது. இவள் வயிற்றுவலி என்று சொல்லிக்கொண்டே இருந்தாள், நாங்களும் கிளினிக்கில் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சீட்டு) வாங்கிக்கொண்டே இருந்தோம். தற்செயலாகத்தான் என் கண்ணில் பட்டது. அவள் அப்பா உடனே ஃபோனைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். இப்போது எங்கள் இரண்டு பேரிடமும் அவள் பேசுவதே இல்லை. நாங்கள் செய்தது சரிதானே?
— ஒரு தாய், செந்தூல்

பதில்: சரியில்லை தங்கச்சி. அவர் கோபம் புரிகிறது, ஆனால் இன்றைக்கே ஃபோனை எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

அவள் பக்கம் இருந்து பாருங்கள். பள்ளியில் நாற்பது பேர் சேர்ந்து சிரித்தார்கள், அது வீட்டுக்குத் தெரிந்ததும் தண்டனை கிடைத்தது அவளுக்கு. அடுத்த முறை இதைவிட மோசமாக ஏதாவது நடந்தால் உங்களிடம் வந்து சொல்வாளா? பெரும்பாலான பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டிருப்பதற்குக் காரணமே 'அம்மாவுக்குத் தெரிந்தால் ஃபோன் போச்சு' என்கிற பயம்தான். அதோடு, ஃபோனைப் பூட்டினால் குழு நின்றுவிடாது, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். தனக்குப் பின்னால் என்ன பேசுகிறார்கள் என்று தெரியாமல் கட்டிலில் படுத்திருப்பது, தெரிந்து படுத்திருப்பதைவிடக் கொடுமை. இன்னொன்று, உங்களுக்கு வேண்டிய ஆதாரம் எல்லாம் அந்த அலமாரிக்குள்தான் இருக்கிறது.

முதலில் அவளோடு உட்கார்ந்து, அவள் சம்மதத்தோடு, ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஸ்டிக்கரை மட்டும் எடுத்தால் போதாது. அதற்கு முன்னும் பின்னும் வந்த பேச்சு, தேதி, நேரம், குழுவின் பெயர், உறுப்பினர் பட்டியல் எல்லாம் வேண்டும். ஃபோனில் பெயர் போட்டுச் சேமித்து வைத்திருந்தால் திரையில் பெயர்தான் வரும், நம்பர் வராது. அதனால் அந்தப் பெயரை அழுத்தி உள்ளே போய் நம்பர் தெரிகிற பக்கத்தையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் இன்னொரு இடத்திலும் சேமியுங்கள். அதன் பிறகு குழுவின் அட்மின் யார் என்று பாருங்கள், பெரும்பாலும் வகுப்புத் தலைவனோ தலைவியோதான் இருக்கும். மற்றவர்கள் போட்டதையும் எல்லாருக்கும் சேர்த்து அழிக்க அட்மினால் முடியும். ஆனால் அவரவர் ஃபோனில் சேமித்த ஸ்டிக்கர் அதனால் போகாது, அதற்குப் பள்ளி தலையிட்டால்தான் வழி.

பள்ளிக்குப் போகும்போது வாய்ப்பேச்சோடு நிற்காதீர்கள். மலாயில் ஒரு பக்கத்துக்குள் கடிதம் எழுதி, ஸ்கிரீன்ஷாட்டை அச்சடித்து இணைத்து, கவுன்சலிங் ஆசிரியருக்கும் மாணவர் நலத் துணைத் தலைமையாசிரியருக்கும் கொடுத்து, உங்கள் பிரதியில் 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்து கேட்டால் கொஞ்சம் முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை. சம்பவம் பள்ளி நேரத்துக்கு வெளியே நடந்தது என்று சிலர் கைகழுவப் பார்ப்பார்கள், ஆனால் இங்கே படம் எடுத்ததே பள்ளி கேன்டீனில், ஃபோன் கொண்டுவரவே கூடாத இடத்தில். அதை அடித்துச் சொல்லுங்கள். படம் எடுத்த பிள்ளையின் அம்மாவுக்கு ராத்திரி பத்து மணிக்கு ஃபோன் போட்டுச் சண்டை பிடிக்காதீர்கள், பெற்றோர் குழுவில் போய்ப் பெயர் சொல்லித் திட்டவும் வேண்டாம், மறுநாள் அதன் பலனை உங்கள் மகள்தான் வகுப்பில் அனுபவிப்பாள்.

அந்தக் 'கருப்பி'யைப் பற்றி ஒரு வார்த்தை. அதை எழுதியது எந்த இனத்துப் பிள்ளையாகவும் இருக்கட்டும், அந்தச் சொல் எங்கே கிடைத்தது? பெண் பார்க்கப் போய்விட்டு வந்து 'பொண்ணு கொஞ்சம் கலர் கம்மி' என்று நம் வீட்டு ஹாலில் உட்கார்ந்து நாமே பேசுகிறோம், பிள்ளைகளும் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. சாப்பாடு, தூக்கம் குறைந்திருக்கிறதா, 'நான் இல்லாமலே போயிருக்கலாம்' என்கிற மாதிரி ஏதாவது சொல்கிறாளா என்று கவனியுங்கள். சொன்னால் 'சும்மா பயமுறுத்தாதே' என்று அடக்காமல், நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தாலியான் காசே உதவித் தொலைபேசி 15999 இருபத்துநாலு மணி நேரமும் இருக்கிறது, மனம் விட்டுப் பேச கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் நம்பர் 03-7627 2929. அவசரம் என்றால் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று இன்னமும் சிலர் பயப்படுகிறார்கள், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவு 2023-லேயே நீக்கப்பட்டுவிட்டது.

கேள்வி: ஆன்ட்டி, நான் படிவம் 4. இன்ஸ்டாகிராமில் எங்கள் பள்ளி பேரில் ஒரு கன்ஃபெஷன் பக்கம் இருக்கிறது, யார் நடத்துகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. நான் வகுப்புப் பணத்தைத் திருடிவிட்டதாக என் பேர், ஃபோன் நம்பர், குடியிருக்கிற தாமான் பேரோடு போட்டுவிட்டார்கள். ராத்திரி ரெண்டு மணிக்கெல்லாம் தெரியாத நம்பரிலிருந்து கூப்பிட்டுச் சிரிக்கிறார்கள். யார் வேலை என்று எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. நானும் ஒரு பொய்க் கணக்கு திறந்து அவனை நாறடிக்கலாமா? போலீசுக்குப் போனால் 100 வெள்ளி அபராதம்தான் போடுவார்கள், அதற்கு லீவு எடுத்து அலைய முடியாது என்று அப்பா சொல்கிறார்.
— மாணவன், பட்டர்வொர்த்

பதில்: தம்பி, வேண்டாம். நீ கணக்கு திறந்த அடுத்த நிமிஷம் உன் கையிலும் ஒரு குற்றம் இருக்கும், அப்புறம் போலீஸ் பாலாயில் யார் முதலில் ஆரம்பித்தார்கள் என்பதே பேச்சாகிவிடும். சந்தேகம் தப்பாக இருந்தால் இன்னும் மோசம், உனக்கு நடந்ததையே நீ வேறொருவனுக்குச் செய்திருப்பாய்.

அப்பா சொல்கிற 100 வெள்ளி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 2024 ஜூலையில் டிக்டாக்கில் ஏஷா என்று எல்லாருக்கும் தெரிந்த நம் பெண் இணையத் தொல்லை தாங்காமல் உயிரை விட்டபோது, வழக்கில் சிக்கிய ஒருவருக்கு 100 வெள்ளிதான் அபராதம் விழுந்தது. நாடே கொதித்தது. அது 1955-ஆம் ஆண்டின் சிறு குற்றங்கள் சட்டம், அதன் 14-வது பிரிவில் போடக்கூடிய உச்ச அபராதமே அவ்வளவுதான். அதற்குப் பிறகு நிலைமை மாறிவிட்டது என்று அப்பாவிடம் சொல். தண்டனைச் சட்டத்தில் 507பி முதல் 507ஜி வரை புதுப் பிரிவுகள் சேர்த்து, 2025 ஜூலை 11 முதல் அமலில் இருக்கின்றன. மிரட்டுவது, தொல்லை கொடுப்பது மட்டுமல்லாமல், ஒருவரைத் துன்புறுத்துவதற்காக அவருடைய அடையாள விவரங்களை வெளியிடுவதும் இப்போது தனிக் குற்றம். உனக்கு நடந்தது அதுதான். பல்லூடகச் சட்டத்தின் 233-வது பிரிவையும் 2025 பிப்ரவரியில் கடுமையாக்கிவிட்டார்கள், பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் கீழே என்றால் 5 ஆண்டு வரை சிறை.

போலீஸ் ரிப்போர்ட்டை எந்த பாலாயிலும் கொடுக்கலாம், அப்பாவுக்கு வேலை இடம் பிறை என்றால் அங்கேயே போய்க் கொடுக்கட்டும், நீயும் கூடப் போ. பதிவின் ஸ்கிரீன்ஷாட், அந்தப் பக்கத்தின் முழுப் பெயரும் முகவரியும், ராத்திரி வந்த அழைப்புகளின் பட்டியல், மூன்றும் கையில் இருக்கட்டும். ரிப்போர்ட் நம்பர் கிடைத்ததும் தொடர்பு, பல்லூடக ஆணையமான எம்சிஎம்சி-யிலும் புகார் போடுங்கள். இன்ஸ்டாகிராமில் புகார் செய்யும்போது 'பிடிக்கவில்லை' என்பதை அழுத்தாதே, தொல்லை அல்லது தனிப்பட்ட தகவல் என்று வருகிறதைத் தேர்ந்தெடு. வாட்சப்பில் தெரியாத அழைப்புகளை ஊமையாக்கும் வசதி தனியுரிமை அமைப்பில் இருக்கிறது, இன்றைக்கே போட்டுவிட்டுத் தூங்கு. நம்பரை மாற்ற அவசரப்படாதே, முதலில் ரிப்போர்ட்.

அப்புறம் அந்த வகுப்புப் பணம். கணக்கு வைத்திருக்கிற மாணவனையும் வகுப்பு ஆசிரியரையும் வைத்துக்கொண்டு எண்ணிக் காட்டிவிட்டால் பாதிப் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

கேள்வி: மேடம், என் மகனுக்கு 16 வயது. வகுப்புப் பெண்கள் இரண்டு பேரின் படத்தை ஏதோ ஏஐ ஆப்பில் போட்டு ஆடையில்லாத மாதிரி மாற்றி நண்பர்களுக்கு அனுப்பியிருக்கிறான். பள்ளியிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். விளையாட்டுக்குத்தான் செய்தேன், அது உண்மைப் படமே இல்லையே என்கிறான். நல்ல பையன், டியூஷன் தவறாமல் போவான். ஃபோனில் இருந்ததை எல்லாம் அழித்துவிடலாம் என்று இருக்கிறேன்.
— ஒரு தந்தை, செத்தாபாக்

பதில்: ஐயா, அழிக்காதீர்கள். இது பள்ளிக் கட்டொழுங்கோடு முடிகிற விஷயம் இல்லை, ஆதாரத்தை அழித்தால் நீங்களும் சேர்ந்து மாட்டுவீர்கள். ஃபோனை அணைத்து வையுங்கள், பாதுகாக்க வேண்டும் என்று நினைத்துப் படங்களை உங்கள் ஃபோனுக்கு அனுப்பிக்கொள்ளவும் கூடாது. 2017-ஆம் ஆண்டின் சிறார் பாலியல் குற்றச் சட்டத்தின் கீழ் இப்படிப்பட்ட படத்தை உருவாக்குவது, பகிர்வது, வைத்திருப்பது எல்லாமே குற்றம், ஏஐ செய்தது என்பது தப்பிக்கிற வழி ஆகாது. 2025 ஏப்ரலில் ஜொகூர் கூலாயில் 16 வயது மாணவன் ஒருவன் பள்ளித் தோழிகளின் படங்களை இதே மாதிரி மாற்றி, ஒன்று 2 வெள்ளிக்கு விற்றதாகக் கைது செய்யப்பட்டான். செய்தியில் பார்த்திருப்பீர்கள்.

மலேசியாவில் 10 வயதுக்குக் கீழே இருந்தால்தான் குற்றப் பொறுப்பே கிடையாது. உங்கள் மகன் சிறார் நீதிமன்றத்துக்குப் போக நேரிடலாம், அதனால் முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். வசதி இல்லாவிட்டால் தேசிய சட்ட உதவி அறவாரியம் இருக்கிறது, கைது, தடுப்புக்காவல் நேரத்தில் இலவசமாக வருவார்கள்.

நல்ல பையன் என்கிறீர்கள். இருக்கலாம். டியூஷனுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றுதான் எனக்குப் புரியவில்லை. உங்கள் கடிதம் முழுக்கத் தேடினேன், அந்த இரண்டு பெண்கள் எப்படி இருக்கிறார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. அவர்கள் வீட்டுக்கு நேராகப் போய் நிற்காதீர்கள், சமரசம் பேசி வாயை அடைக்க வந்ததாக நினைப்பார்கள். யார் யாருக்கு அனுப்பினான் என்கிற முழுப் பட்டியலை வழக்கறிஞர் மூலம் கொடுக்கச் செய்யுங்கள், அந்தப் பெண்களுக்கு இப்போது எல்லாவற்றையும்விட அதுதான் தேவை. அவர்கள் பெற்றோர் இதைப் படித்தால்: 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் இப்படிப்பட்ட படங்கள் பரவாமல் தடுக்க 'டேக் இட் டவுன்' என்ற இலவச இணையச் சேவை இருக்கிறது. படம் உங்கள் ஃபோனைவிட்டு வெளியே போகாது, அதற்கு ஓர் அடையாளக் குறியீடு மட்டும் உருவாகி, டிக்டாக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்கள் அதை வைத்துத் தேடி நீக்கும்.

மகனை அடிக்க வேண்டாம். ஆனால் நடந்ததை, யார் தூண்டினார்கள் என்பது உட்பட, அவனே வாய் திறந்து சொல்கிற வரைக்கும் எதிரில் உட்காருங்கள். 'விளையாட்டு' என்ற சொல்லை மட்டும் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: எங்கள் வகுப்புக் குழுவில் ஒரு பெண்ணைத் தினமும் கிண்டல் பண்ணுகிறார்கள். நான் எதுவும் போடவில்லை, சும்மா பார்ப்பேன். வெளியே வந்துவிடலாமா ஆன்ட்டி? டீச்சரிடம் சொன்னால் அடுத்து என்னைப் பிடித்துக்கொள்வார்கள்.
— படிவம் 1 மாணவி, ஆயர் ஈத்தாம்

பதில்: வெளியே வரலாம் கண்ணு, இப்போதெல்லாம் வாட்சப்பில் ஒருவர் விலகினால் அட்மினுக்கு மட்டும்தான் அறிவிப்பு போகும். ஆனால் வருவதற்கு முன்னால் நடந்ததையெல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள், அவளிடம் அது இல்லாமல் இருக்கலாம். டீச்சரிடம் நேரில் போய் நிற்க பயமாக இருந்தால் அம்மாவிடம் கொடு, அம்மா கவுன்சலிங் டீச்சருக்கு அனுப்பட்டும், உன் பேர் வரக்கூடாது என்று சொல்லியே அனுப்பச் சொல். படங்களில் உன் பேரோ நம்பரோ தெரிந்தால் அந்த இடத்தை வெட்டிவிடு.

குழுவில் அவளுக்காகச் சண்டை போட உன்னால் முடியாவிட்டால் பரவாயில்லை. தனியாக ஒரு மெசேஜ் போடு, 'அவங்க பேசுறது எனக்குப் பிடிக்கல, நாளைக்கு ரெஹாட் டைம்ல ஒண்ணா சாப்பிடுவோமா' என்று.